முத்தட்டும் கிழிசலியும்

துறைமுகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'முத்தட்டு' என்றால்தான் தெரியும். இருபது வருடமாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு டால்பின் காட்டிப் பிழைக்கிறவர். படகின் விளிம்பில் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டுவார். முதுகுத் துடுப்பு கிழிந்த பெண் டால்பின் ஒன்று அடுத்த நிமிடம் பக்கத்தில் நிற்கும். அதற்குக் கிழிசலி என்று பெயர் வைத்து, தினமும் கைநிறைய மீன் கொடுப்பார்.

"தீனி போட்டுப் பழக்காதீங்கய்யா, எந்தப் படகையும் நம்பி வந்துடும்" என்று கடல் ஆராய்ச்சிக்கு வந்த பெண் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"வரட்டுமே, நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்?" என்று சிரித்தார். அந்த வாய்க்கொழுப்பை இன்று நினைத்தால் அவருக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

காய்ச்சலில் அவர் படுத்திருந்த ஒருநாள், மச்சினன் அவருடைய படகை இரவல் வாங்கிக்கொண்டு வலை போடப் போனான். வலையை இறக்கியதும் படகின் பலகையைத் தட்டி மீனை வலைக்குள் விரட்டுவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அது தெரிந்தும் முத்தட்டுக்கு மண்டையில் உறைக்கவில்லை. கிழிசலி தட்டுச் சத்தம் கேட்டு ஓடி வந்தது, பிறந்து இரண்டு மாதமான குட்டியோடு.

"வலைய அறுத்துட்டேன் மாமா. அதுக்குள்ள மூச்சு முட்டி குட்டி செத்துப்போச்சு" என்று மச்சினன் வாசலில் நின்று அழுதான்.

குட்டி செத்த நான்காம் நாள் காய்ச்சலோடு கடலுக்குப் போனார். கிழிசலி செத்த குட்டியை மூக்கில் தாங்கிக்கொண்டு திரிந்தது. குட்டி முங்கும்போதெல்லாம் மூச்சுவிடத் தூக்குவதுபோல் மேலே தூக்கியது. இவர் படகைப் பார்த்ததும் நேரே வந்தது.

இந்த நம்பிக்கையை ஒழித்தால்தான் அது பிழைக்கும் என்று கூடை நிறையக் கல் கொண்டுபோயிருந்தார். "போடி! என்கிட்ட வராத! போய்த் தொலை!" என்று வீசினார். அது முங்கியது, எழுந்தது, குட்டியைப் படகின் ஓரத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தது. அவர் கல்லைப் பிடித்தபடி கேவிக் கேவி அழுதார்.

அப்போது தூரத்தில் வேறொரு படகுக்காரன் வலையை இறக்கிவிட்டுப் பலகையைத் தட்டத் தொடங்கினான். கிழிசலி குட்டியோடு அந்தப் பக்கம் திரும்பியது.

முத்தட்டு கல்லைப் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்து, படகே உடைகிற மாதிரி தட்டினார்.