ஏழாம் பக்கத்தில் ஒரு தூளி

ஒரு படக்கதைப் புத்தகம் பிடிக்கவில்லை என்றால் மட்டுவார்குழலி அதை மூடி, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, ஊசிப்போன சட்னிக் கிண்ணத்தைத் தள்ளுவது போல மேஜையின் மறுபக்கம் தள்ளிவிடுவாள். கே.கே. நகர் வாசகர் வட்டத்தில் எல்லோரும் பார்த்துப் பழகிய காட்சி இது. ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். மற்றவர்கள் நாவல், கவிதை என்று பேசுவார்கள். குழலி மட்டும் குழந்தைகளுக்கான படப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவாள். பேசுவாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலும் திட்டுவாள்.

அறுபதைத் தாண்டியவள். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஸ்டோர்ஸ் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்து, அங்கேயே மேலே வந்து ஓய்வு பெற்றவள். திருவெறும்பூரில் சொந்த வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. கேசரியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டால் "தோணலை" என்பாள். அதற்கு மேல் அதில் ஒரு சமாச்சாரமும் இல்லை. காதல் தோல்வி கிடையாது, குடும்பச் சுமை கிடையாது, ஜாதகத்தில் தோஷம்கூடக் கிடையாது. ஆனால் ஒரு காரணமும் இல்லாமல் ஒருத்தி தனியாக, அதுவும் நிம்மதியாக இருக்கிறாள் என்றால் நம் ஜனங்களுக்குச் சோறு இறங்காது. அவர்களாகவே ஒரு சோகத்தைத் தயார் செய்து அவள் தலையில் கட்டிவிடுவார்கள்.

படப் புத்தகங்கள் அதற்கு வசதியாகப் போயின. புத்தகக் கடையில் குழலி நான்கைந்து எடுத்துக்கொண்டு போய் நின்றால், "எந்தக் கிளாஸ் பிள்ளைக்கும்மா?" என்று கேட்பார்கள். "எனக்குத்தாங்க" என்பாள். உடனே எதிராளியின் முகம் இளகும், தலை லேசாகச் சாயும், கண்ணில் ஒரு ஈரம் வரும். அந்த ஈரத்தைக் கண்டால் அவளுக்குக் குமட்டும். அவளுக்குப் படம் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். நாலு கோட்டில் ஒரு எருமையின் சோம்பேறித்தனத்தைக் கொண்டுவந்துவிட்டான் என்றால் அன்றைக்கு முழுக்க அவளுக்குக் குஷி.

ஆனால் அப்படிப்பட்ட எருமைகள் எங்கே கிடைக்கின்றன? யானைக்கு இமை முடியும் உதட்டுச் சாயமும் பூசி வைத்திருப்பார்கள். அம்மா என்றால் அடுப்படி, அப்பா என்றால் பேப்பர். குண்டுப் பையன் என்றால் வாயில் லட்டு, கடைசியில் வயிற்று வலி. கெட்டவன் எப்போதும் கறுப்பு. காவிரி என்று போட்டுவிட்டுக் கடலை வரைந்திருப்பார்கள். நம் காவிரியில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடுகிறது என்று ஒருத்தனுக்கும் தெரியாது. எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு வந்தால், கட்டம் கட்டி, பூ வேலைப்பாடு வைத்து, 'நீதி' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும்.

"அதைப் பார்த்தாலே வாந்தி வருதுங்க," என்பாள் குழலி. "நல்லா விளையாடிட்டு வர்ற புள்ளையைப் பிடிச்சு வெளக்கெண்ணெய் ஊத்துற மாதிரி."

அவள் மெச்சிய புத்தகம் ஒன்றே ஒன்று. ஓர் ஆடு ஊர் முழுக்கச் சுவரொட்டி தின்றுகொண்டே போகும். கடைசிப் பக்கத்திலும் தின்றுகொண்டிருக்கும். யாரும் திருந்த மாட்டார்கள். அதைப் பற்றி அவள் பேசிய அன்று சிரித்ததில் சகாயராணிக்குப் புரையேறிவிட்டது.

சகாயராணியைச் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸ் ஆபீஸில் குழலியின் பக்கத்துச் சீட்டு. ஒருவர் டிபன் பாக்ஸில் மற்றவர் கைவிட்டுச் சாப்பிட்ட சிநேகிதம். சகாயராணி வேலை நேரத்திலேயே ரசீதுக்குப் பின்பக்கம் அதிகாரிகளின் மூக்கை வரைந்து காட்டுவாள். இன்ன மூக்கு இன்னாருடையது என்று குழலி பார்த்தவுடன் சொல்வாள். ஓய்வுக்குப் பிறகு அவள் வாட்டர் கலர் கற்றுக்கொண்டாள். அவளை வாசகர் வட்டத்துக்கு இழுத்துவந்ததே குழலிதான். கூட்டம் முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குப் பேசியவர்களையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டே வருவார்கள். பொன்மலையில் அவள் இறங்குவாள், குழலி திருவெறும்பூருக்குப் போவாள். உலகத்தில் தன்னை நேராகப் பார்க்கிற ஒரே ஆள் ராணிதான் என்பது குழலியின் எண்ணம்.

இந்த நிலையில்தான் வட்டத்தின் செயலாளர் பிரதீப்புக்கு ஒரு யோசனை வந்தது. பாலக்கரையில் ஆப்செட் பிரஸ் வைத்திருப்பவர், தங்கமான மனுஷர். தங்கமான மனுஷர்களுக்கு யோசனை வருவதுதான் ஆபத்து. குழலியைக் கௌரவிக்க அவளையே கதாபாத்திரமாக வைத்து ஒரு படக்கதைப் புத்தகம் எழுதிவிட்டார். படங்கள் சகாயராணி. இரண்டு பேரும் கடைசிவரை மூச்சு விடவில்லை. வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னால், மதிப்புரை சொல்பவருக்கு முதல் பிரதி கொடுப்பது வட்டத்தின் வழக்கம் என்பதால், பிரதீப் அதை வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"மேடம், நீங்களே படிச்சுப் பாருங்க. அழுதுருவீங்க," என்றார்.

'ஜன்னல் ஆன்ட்டி' என்று பெயர். ஒரு வீட்டில் ஓர் ஆன்ட்டி தனியாக இருக்கிறாள். அலமாரி நிறையப் படப் புத்தகம், படித்துக்காட்டத்தான் யாரும் இல்லை. ஒரு நாள் தெருப் பிள்ளைகளின் பந்து உள்ளே வந்து விழுகிறது. பிள்ளைகள் வருகிறார்கள். ஆன்ட்டி வாழ்க்கையில் முதன்முறையாகச் சிரிக்கிறாள். நீதி: தனித்திருப்போரிடம் அன்பு காட்டுவோம்.

குழலிக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது. ஆனால் எழுத்தை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரதீப்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளை நிறுத்தியது ஏழாம் பக்கம். 'ஆன்ட்டி தினமும் புத்தகம் படித்தபடியே தூங்கிவிடுவாள்' என்பதுதான் அங்கே வரி. படத்தில் குழலியின் அறை அச்சு அசலாக இருந்தது. அதே ஜன்னல், அதே பச்சைப் போர்வை, கட்டிலில் கண்ணாடியோடு அவள். கன்னத்தில் இரண்டு சொட்டு நீர். பக்கத்தில் உத்தரத்துக் கொக்கியிலிருந்து, பழைய சேலையில் கட்டிய ஒரு தூளி. காலித் தூளி.

நிஜத்தில் அந்தக் கொக்கியில் தொங்குவது பிரம்புக் கூடை ஊஞ்சல். குழலி அதில்தான் சுருண்டுகொண்டு படிப்பாள். சகாயராணி எத்தனையோ நாள் அதில் உட்கார்ந்து முறுக்குத் தின்று, இறங்க மனமில்லாமல் ஆடியிருக்கிறாள். அந்த ஊஞ்சலைக் கழற்றிவிட்டுத் தூளியை மாட்டியிருக்கிறாள். யாரும் எழுதித் தரவில்லை. அவளாகவே.

அந்த வாரம் முழுக்கக் குழலிக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. பழசெல்லாம் மேலே வந்து நாறியது. குழந்தை பிறந்த வீட்டில் சகாயராணி பிள்ளையைத் தூக்கிக் குழலியின் மடியில் போட்டு, "நீ ஆசை தீரக் கொஞ்சுடி" என்றது. கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகார டப்பா முதலில் தனக்கு வந்தது. மகன் கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்து, "இவ இவனுக்கு இன்னொரு அம்மா" என்றது. சிநேகிதம் என்று நினைத்து வாங்கிக்கொண்டதெல்லாம் பிச்சையா? கடைக்காரர்களின் கண்ணில் இருந்த அதே ஈரம், இத்தனை வருஷம் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்ததா? இரண்டு தடவை சகாயராணி போன் செய்தாள். குழலி எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்திருந்தது. உறுப்பினர்கள் பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தார்கள். முன்வரிசையில் சகாயராணி புதுப் பட்டுச் சேலையில் இருந்தாள். குழலி எழுந்து வழக்கம்போல் புத்தகத்தை விரித்துப் படத்தைக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

"முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். ராணிக்கு நல்ல கை. அட்டையில இருக்குற முருங்கை மரம், தொட்டா ஒடிஞ்சிரும் போல அப்படியே இருக்கு. பந்து தேடி வர்ற பசங்க நிஜப் பசங்க, மூக்கு ஒழுகுது. கதையைப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. நீதியைப் பத்தி நான் என்ன சொல்வேன்னு உங்களுக்கே தெரியும்."

கூட்டம் சிரித்தது. பிரதீப்பும் சிரித்தார்.

"இப்ப ஏழாம் பக்கம். இந்த அறை என் அறை. இந்தப் போர்வை என் போர்வை. இந்தத் தூளி என்னோடது இல்ல. அங்க ஒரு கூடை ஊஞ்சல் தொங்குது, வரைஞ்சவங்களுக்கு அது நல்லாத் தெரியும். கடலை வரைஞ்சு காவிரின்னு எழுதுறவன் காவிரியைப் பார்க்காதவன், போகட்டும். பார்த்தவங்க இப்படி வரைஞ்சா எனக்கு அருவருப்பா இருக்கு."

சிரிப்பு நின்றது. பிரதீப் எழுந்து, "மேடம், நல்ல மனசோடதான்..." என்று ஆரம்பித்தார். சகாயராணி அவரைக் கையமர்த்திவிட்டுத் தானே எழுந்தாள்.

"குழலி, உன் மனசுல இருக்குறது எனக்குத் தெரியும்னுதான்டி போட்டேன்."

"எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷம் பக்கத்துல இருந்தேனே."

"இருந்த. ஒரு நாளாவது கேட்டியா? எனக்குப் புள்ளை இல்லைன்னு வருத்தமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கியா?"

சகாயராணி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். மூக்கு, புடவை, பிரமோஷன், மெனோபாஸ் என்று பேசாத விஷயம் இல்லை. இதை மட்டும் கேட்டதில்லை.

"கேட்டா நீ அழுதுருவியோன்னு பயந்து கேக்கலடி," என்றாள்.

"அதான் படத்துல நீயே அழ வெச்சுட்ட," என்றாள் குழலி.

புத்தகத்தைப் பிரதீப்பிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். சகாயராணி பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிவந்து அதே பஸ்ஸில் ஏறினாள். குழலி ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள். சகாயராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சீட்டருகிலேயே நின்றாள். சகாயராணி இறங்க வேண்டிய பொன்மலை வந்தது. குழலி பையை எடுக்கவில்லை.