ரேலீன் திறக்காத பூட்டு

ரேலீன் ட்ரெஸைஸ் எங்கள் பட்டறைக்கு எலக்ட்ரீஷியனாக வந்து சேர்ந்த முதல் நாளே என் ஃபோர்க்லிஃப்டை மறித்து என்னைக் கீழே இறக்கினாள். ஹாரன் அடிக்கவில்லையாம். எங்கள் ஊர் வாலரூவில் நான் வருவது எல்லாருக்கும் தெரியும், ஹாரன் எதற்கு என்று கேட்டேன். "தெரியும்னு நீ சொல்ற. அவங்க சொல்லட்டும்," என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்காது. பிடிக்காத ஒருத்தியைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். பிடித்தவர்களைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

சனிக்கிழமைகளில் அவள் நெட்பால் ஆட்டத்துக்கு நடுவராகப் போவாள். இரண்டு அணிக்காரிகளும் அவளைச் சமமாகத் திட்டுவார்கள். வீட்டில் ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு நாய்கள். அவைகூடத் தெருவைக் கடக்கும்போது நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போகும் என்று ஊரில் பேச்சு. இடது கையில் இரண்டு விரல் கிடையாது. அந்த விரல்கள் போன கதையைக் கேட்க எவனுக்கும் தைரியம் வந்ததில்லை.

எங்கள் பட்டறையில் விதைப்பு இயந்திரங்களுக்கான கொழு முனைகளைச் சூடேற்றி, தண்ணீரில் அடித்துக் கடினமாக்குவோம். பழைய எரிவாயு உலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதலாளி பிரென்டன் இந்த வருடம் இன்டக்ஷன் ஹீட்டர் வாங்கினான். செப்புக் குழாயைச் சுருளாக வளைத்திருப்பார்கள். அதற்குள் கொழுவை நீட்டினால் தீயும் கிடையாது, புகையும் கிடையாது, கண்ணை மூடித் திறப்பதற்குள் இரும்பு சிவந்து நிற்கும். மதியத்துக்குக் கொண்டு வரும் கறியடைத்த பாஸ்டி அதில் சூடாகுமா என்று முதலில் கேட்டவன் நான்தான். "உன் பல்லுல வெள்ளி அடைச்சு வச்சிருக்கியே, அது வேணா சூடாகும். பாஸ்டி ஆகாது," என்றாள்.

அதைப் பொருத்துவதற்குள் அவள் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுருளைச் சுற்றி ஊர்ந்தாள். பக்கத்தில் இரும்பு ஆணி ஒன்று இருந்தாலும் அதுவும் சேர்ந்து காயும் என்று சொல்லி, பித்தளைத் திருகாணி வாங்க வைத்தாள். தரையில் மஞ்சள் கோடு போட்டாள். நெஞ்சுக்குள் இதயக் கருவி வைத்தவர் கோட்டைத் தாண்டக் கூடாது, மோதிரம் போட்டவர் தாண்டக் கூடாது, இரும்புப் பக்கிள் உள்ள பெல்ட் கூடாது. பிரென்டன் ஒரு வாரம் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே மேற்பார்வை பார்த்தான். அந்த ஒரு விஷயத்துக்காக அவளை நான் பாதி மன்னித்தேன்.

தண்ணீர்க் குழாய் வேலை மெர்வ் ஹாக்கிங்குடையது. அந்தச் செப்புச் சுருளுக்குள்ளேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுவுக்கு முன்னால் சுருள் உருகிவிடும். மெர்வ் பட்டறையின் மூத்த ஃபிட்டர். வேலை செய்யும்போது தனக்குத்தானே கால்பந்து வர்ணனை சொல்லிக்கொள்வார். ரேலீனை ஊரில் யாராவது சிரிக்க வைத்தார்கள் என்றால் அது அவர் ஒருவர்தான்.

இயந்திரத்தில் கை வைக்கிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன் சொந்தச் சிவப்புப் பூட்டை மாட்ட வேண்டும். பூட்டில் பெயரும் படமும் போட்ட அட்டை தொங்கும். அந்தப் பூட்டு தொங்கும் வரை உள்ளே ஒரு ஆளின் கை இருக்கிறது என்று அர்த்தம். மாட்டியவர் மட்டும்தான் அதைத் திறக்கலாம். அப்படி இரண்டு பூட்டுகள் தொங்கின: ஒன்று ரேலீனுடையது, ஒன்று மெர்வுடையது. அட்டையில் மெர்வ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், படம் எடுத்தவன் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. ஒரே ஒரு குழாய்ப் பட்டையை இறுக்குவதுதான் பாக்கி, திங்கட்கிழமை வந்து முடிக்கிறேன் என்று ரேலீனிடம் சொல்லிவிட்டு மெர்வ் நண்டு வாரப் போனார். முழங்கால் தண்ணீரில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். மாரடைப்பு. வலைப்பையில் இருந்த நண்டுகளை யாரோ திருப்பிக் கடலில் விட்டார்கள்.

மெர்வ் போய்விட்டார், பூட்டு போகவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து ரேலீன் இயந்திரத்தின் கன்ட்ரோலருக்கு முன்னால் உட்கார்ந்து நிரல் எழுதினாள். அதற்குத் தனியாகச் சின்ன மின்சாரம் உண்டு, மெயின் தேவையில்லை. எத்தனை நொடி காய வேண்டும், எவ்வளவு சக்தி, எப்போது தண்ணீர் பீய்ச்ச வேண்டும் எல்லாம் ஏற்றினாள். தண்ணீர் ஓடாவிட்டால் இயந்திரம் கிளம்பவே கூடாது என்று ஒரு கட்டளை கொடுத்து, குழாயைக் கிள்ளிப் பிடித்துச் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. திரையில் 'மெயின் மின்சாரத்துக்காகக் காத்திருக்கிறது' என்று எழுத்து மினுக்கியது. அவளும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

மெர்வுடைய மனைவி ஐரிஸ் அவருடைய சாவிக்கொத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். பிரென்டன் அதை ரேலீனிடம் நீட்டினான்.

"சாவி அவரோடது. கை யாரோடது?" என்றாள்.

பிரென்டன் பட்டறையின் விதிப் புத்தகத்தை எடுத்தான். மாட்டியவர் வராவிட்டால் நிர்வாகமே பூட்டை எடுக்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. ரேலீன் அடுத்த வரியைப் படித்துக் காட்டினாள். பூட்டுக்காரரிடம் பேசி, அவர் இயந்திரத்தை விட்டு வெளியே இருக்கிறார் என்று உறுதி செய்த பிறகுதான் எடுக்கலாம். கீழே கையெழுத்து பிரென்டனுடையது. செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நான் என்ன, சொர்க்கத்துக்கு போன் போடவா?"

"போடு. நான் இருக்கேன்."

பிரென்டனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் ஆன்சாக் தினம் தாண்டி முதல் மழை விழுந்தால் விவசாயிகள் விதைப்பில் இறங்கிவிடுவார்கள், அதற்குள் கொழு கொடுக்காவிட்டால் அவர்கள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். வியாழக்கிழமைக்குள் இயந்திரம் ஓடாவிட்டால் அடிலெய்டிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரன் இரும்பு வெட்டியோடு வருவான், பூட்டை வெட்டுவான், அவனுடைய வேனிலேயே ரேலீனும் ஏறிப் போகலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அவன் போனதும் நான் அவளிடம் போனேன். வேலை போனால் இந்த ஊரில் அவளுக்கு நாய்களைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும்.

"மெர்வ் செத்துட்டார்னு எல்லாருக்கும் தெரியும் ரேலீன். ஊரே சேர்ந்து சொல்லுது," என்றேன்.

அவள் இடது கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். வேறொரு ஊரில், வேறொரு ஆலையில், அவள் மின் பெட்டிக்குள் தலையை விட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய பூட்டை வெட்டி எடுத்துவிட்டு மின்சாரம் போட்டார்களாம். "நான் வீட்டுக்குப் போயிட்டேன்னு அன்னைக்கும் எல்லாருக்கும் நல்லாத் தெரியும்," என்றாள்.

நான் திரும்பிப் போய் ஃபோர்க்லிஃப்டில் ஏறிக்கொண்டேன். அதற்காகவும் அவள் மேல் எரிச்சல் வந்தது.

கடைசியில் வழி சொன்னவர் ஐரிஸ்தான். வியாழக்கிழமை அடக்கம், வண்டி எப்படியும் பட்டறை வாசல் வழியாகத்தான் கல்லறைக்குப் போக வேண்டும். "உள்ள கொண்டு வரேன். அவரே வந்து எடுத்துக்கட்டும். ஒரு வேலைய முடிச்சிட்டுப் போனார்ங்கற பேராவது இருக்கட்டும்," என்றார். பிரென்டன் இருந்த இருப்பில் மெர்வை ஹெலிகாப்டரில் இறக்கச் சொன்னாலும் சரி என்றிருப்பான்.

ஆக, வியாழக்கிழமை சவ வண்டி பட்டறைக்குள் வந்தது. வாசலில் ரேலீன் நின்றாள். வெளியாட்கள் எல்லாருக்கும் மஞ்சள் மேல்சட்டை, கண்ணாடி, தலைக்கவசம். போதகர் அங்கியின் மேல் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டார். அவருடைய செருப்பைப் பார்த்து, முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றாள். சேமிப்பறையிலிருந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன், இரண்டும் இடது கால். அடக்க வேலைகளைச் செய்து தரும் கெல்வின் தொழில்முறையில் கறுப்புக் கோட்டுக்காரன், அவன் மஞ்சள் சட்டை தன் மரியாதைக்கு ஆகாது என்று முதலில் சண்டை பிடித்தான், அப்புறம் போட்டுக்கொண்டான். சோகமாக இருக்க வேண்டிய கூட்டம் சாலை போட வந்த கூட்டம் மாதிரி உள்ளே நடந்தது.

சவப்பெட்டியைச் சக்கர மேடையில் சுவருக்குப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மெயின் சுவிட்ச் தலைக்கு மேலே இருந்தது. நிற்கிறவன் நாலு படி ஏறி எட்டலாம். படுத்திருக்கிறவர் எப்படி எட்டுவார்?

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டு வந்து, அதன் இரண்டு தூக்குக் கரங்களையும் பெட்டிக்கு அடியில் நுழைத்தேன். ஹாரனும் அடித்தேன். அப்புறம் கையை எடுத்துக்கொண்டேன். ஃபோர்க்லிஃப்டில் ஆளைத் தூக்கக் கூடாது. தூக்கினால் என் லைசென்ஸ் போய்விடும். அந்தச் சட்டத்தை எனக்கு மனப்பாடம் பண்ண வைத்ததும் இவள்தான்.

"ரேலீன், நீயே சொல்லு. இது ஆளா, சரக்கா?" என்றேன்.

சத்தியமாக நான் கிண்டலுக்குத்தான் கேட்டேன். கேட்ட பிறகுதான் அதில் இருந்த வினையே புரிந்தது. ஆள் என்றால் தூக்க முடியாது. சரக்கு என்றால் பூட்டுக்குச் சொந்தக்காரரே இல்லை, தூக்கவே வேண்டியதில்லை. கெல்வினைக் கேட்டார்கள். தன் இன்சூரன்ஸ்காரன் சரக்கு என்றுதான் எழுதுகிறான், ஆனால் மெர்வுக்கு முன்னால் தான் அப்படிச் சொல்ல மாட்டேன் என்றான். போதகர் ஆன்மா, உடல் என்று ஆரம்பித்தார். இடது கால் பூட்ஸ் கடித்ததால் பாதியில் உட்கார்ந்துவிட்டார். பிரென்டன் சரக்கு, சரக்கு என்று கத்தினான், ஐரிஸ் பார்த்த பார்வையில் வாயை மூடினான்.

ரேலீன் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம் கெல்வினிடம் மூடியைத் திறக்கச் சொன்னாள்.

"நான் மூடினத நான்தான் தெறக்கணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது," என்றான் கெல்வின். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். அந்த ஊரில் அவளுடைய பேச்சு புரிந்த ஒரே ஆள் அவன்தான் போலிருக்கிறது.

மெர்வ் கோட்டும் டையுமாகப் படுத்திருந்தார். ரேலீன் கையுறையைக் கழற்றினாள். எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்பியில் மின்சாரம் இல்லை என்று ஊரே சொன்னாலும், தானே சோதித்துப் பார்க்காமல் தொட மாட்டார்கள். செத்துவிட்டதா என்று பார்ப்பது என்றுதான் அதற்குப் பெயர். அந்தப் பேரைச் சொல்லி நான் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். ரேலீன் அந்த விரலில்லாத கையின் புறங்கையை மெர்வுடைய கைமேல் வைத்தாள். எடுக்கவேயில்லை. அவர் இறந்த பிறகு அவரைப் பார்க்க அவள் எங்கேயும் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சில்லுன்னு இருக்காரு," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, வண்டியைப் பின்னால் எடு, தூக்க வேண்டாம் என்றாள். மெர்வுடைய ஸ்பேனரை எடுத்துப் போய் அவர் விட்டுவிட்டுப் போன குழாய்ப் பட்டையை இறுக்கினாள். தண்ணீரைத் திறந்து, கசிவு இல்லை என்று விரலால் தடவிப் பார்த்தாள். படியேறி மெர்வுடைய பூட்டை அவருடைய சாவியாலேயே திறந்து, அட்டையோடு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்புறம் தன்னுடையதைத் திறந்தாள். அழுதுகொண்டேதான் எல்லாம் செய்தாள், ஆனால் ஒரு வேலைகூட வரிசை மாறவில்லை.

எல்லாரையும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே போகச் சொன்னாள். மின்சாரம் போடுவதற்கு முன் பட்டறை ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஒவ்வொருவரும் தான் வெளியே நிற்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சுவிட்சின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு என் பெயரைக் கூப்பிட்டாள். வெளியே என்றேன். பிரென்டனைக் கூப்பிட்டாள். அவனும் சொன்னான்.

"மெர்வ்?"

தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பதில் வராமல் அவள் சுவிட்சைப் போட மாட்டாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பிரென்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவன் காலை நான் மிதித்தேன். அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். இந்த முறை குரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

ஐரிஸ் கறுப்பு உடைக்கு மேல் போட்டிருந்த மஞ்சள் சட்டையோடு ஒரு அடி முன்னால் வந்தார்.

"வெளிய போயிட்டாரு, ரேலீன்," என்றார். "நீ போடும்மா."

ரேலீன் கைப்பிடியை மேலே தள்ளினாள்.