கண் மஞ்சளான நான்கு நாட்கள்

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தேன். உலகச் சண்டை நடந்த காலம். என் மனைவி முத்தாயி எண்ணெய்ப் பலகாரம் தின்றால் வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்து, தோள்பட்டை வரை ஏறும். வேலைக்குத் தப்பச் சாக்கு என்று திட்டுவேன்.

அவள் அண்ணன் சேலத்து டாக்டரிடம் கூட்டிப் போனார். பித்தப்பையில் கல்லாம். அடிக்கடி வலித்தால் ஆபரேஷன் செய்யலாம். கண் மஞ்சளாகிக் குளிர்காய்ச்சலும் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றாராம். நான் சிரித்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை, முத்தாயி நடுங்கியபடி வந்து நின்றாள். கண்கள் மஞ்சளாக இருந்தன.

"ஏனுங்க, டாக்டர் சொன்னது இதுதானுங்க. சேலம் போயிரலாமுங்க."

"காமாலைதான் புள்ளே. கீழாநெல்லி அரைச்சுக் குடி. வெத்தலை கிள்ள ஆளு வந்திருக்குது."

நான்காம் நாள் அவளுக்கு நினைவு தடுமாறியது. அதன் பிறகுதான் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏற்றிச் சேலம் கொண்டுபோனேன்.

"கண் மஞ்சளாகி எத்தனை நாளாச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்துத்தானுங்க" என்றேன்.

முத்தாயி கண்ணைத் திறந்தாள். "நாலு நாளுங்க" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு அவள் பேசவும் இல்லை.

கல் பித்தக்குழாயை அடைத்துச் சீழ் பிடித்துவிட்டது, இனி கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். மறுநாள் மதியம் இறந்துபோனாள்.

ஊரார் விதி என்றார்கள். "ஆமாங்க, விதிதானுங்க" என்று நானும் சொன்னேன். அவள் அண்ணன் மட்டும் எழுந்து போனார். இன்றுவரை என் வாசலை மிதிக்கவில்லை. கூப்பிட எனக்கும் வாயில்லை.