ஆண்டாயி விட்ட அறை

பெரம்பலூர் வெங்காய மண்டியில் செங்கமலத்திடம் வாய் கொடுத்துவிட்டு நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. எண்பத்தாறில் ஒரு தரகன் அழுகல் வெங்காயத்தை மூட்டைக்கு அடியில் போட்டுத் தள்ளப் பார்த்தான். அவள் எடைக்கல்லைத் தூக்கி அவன் காலிலேயே போட்டுவிட்டாள். அவன் நொண்டிக்கொண்டே ஓடினான். சுற்றி நின்ற மூட்டைக்காரர்கள், "ஆண்டாயி கை அப்படியே மகளுக்கும் வந்துருக்கு பாரு" என்று சிரித்தார்கள். அவ்வளவுதான், அவர்களுக்கும் விழுந்தது திட்டு. அம்மா விட்ட அறையைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும் அவளுக்கு ஆகாது. ஊரே மெச்சிய அறை அது. அது விழுந்தது எழுபத்தொன்பதாம் வருஷம்.

அப்போது செங்கமலம் அரியலூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்தாள். கல்லூரியின் பேர் எதற்கு, இன்று அந்தப் பேரில் அது இல்லை. அவளுடைய அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது செத்துப்போனவர். உடம்பைச் சாக்கில்தான் கட்டிக் கொடுத்தார்கள். அதே சுரங்கத்தில் அம்மா ஆண்டாயி கல் உடைத்தாள். புருஷனைத் தின்ற பள்ளத்தில் இறங்கித்தான் மகளைப் படிக்க வைத்தாள். வேறு வழி இருந்திருந்தால் இறங்கியிருக்கமாட்டாள்.

பல்கலைக்கழகத்தில் ஆண்கள் டென்னிஸ் அணி வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருந்தது. கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பை. பெண்களுக்கும் ஓர் அணி வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவதி சண்டை போட்டு, ஆண்கள் அணியை அனுப்பும் கல்லூரி பெண்கள் அணியையும் அனுப்பியே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவந்தாள். அரியலூர்ப் பையன்களுக்கு வயிறு எரிந்தது. ஆனால் நாலு பெண்கள் இல்லாவிட்டால் அவர்களும் ஆட முடியாது. அதனால் கணக்குக் காட்டுவதற்காக நாலு பேரைப் பிடித்தார்கள். அதில் ஒருத்தி செங்கமலம். இன்னொருத்தி வரதராசன்பேட்டை வாத்தியார் மகள் லீலா மேரி.

பெண்களுக்குக் கிடைத்தது பையன்கள் கழித்துப்போட்ட பேட்டுகள். போதாக்குறைக்கு ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து டென்னிஸ் கோர்ட் மண் தரை. வாராவாரம் சாணி கரைத்து மெழுகினால்தான் பந்து ஒழுங்காக எழும்பும். அதுவரை கூலிக்கு ஆள் வைத்து மெழுகிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வந்ததும் பையன்களின் கேப்டன் கிருஷ்ணமூர்த்தி, "மெழுகுறது பொம்பளைங்க வேலைதானே சார்" என்றான். விளையாட்டு ஆசிரியர் பிலவேந்திரன் தலையாட்டினார். தலையாட்டுவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. கிருஷ்ணமூர்த்தியின் அப்பா இளையபெருமாள்தான் சுரங்கக் காண்டிராக்டர். கல்லூரிக்கு மதில் கட்டிக் கொடுத்தவரும் அவரே.

கூத்து அங்கேதான் ஆரம்பித்தது. மாலையில் பையன்கள் பயிற்சி எடுக்கும்போது பெண்கள் நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பந்து பொறுக்க வேண்டும். பையன்கள் பந்தை ஓங்கி அவர்கள் மேலேயே அடித்தார்கள். தொடையில் பட்டால் ஒரு சிரிப்பு, மாரில் பட்டால் இன்னொரு சிரிப்பு. மற்ற பெண்கள் ஒதுங்கி ஓடினார்கள். செங்கமலம் ஓடவில்லை. பேட்டை முன்னால் நீட்டி, வருகிற பந்தையெல்லாம் தடுக்கப் பார்த்தாள். முதலில் பத்துக்கு ஒன்பது உடம்பில் பட்டது. போகப் போக பந்து எங்கே வரும் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அவளை விரட்டுவதற்காக அடித்தவர்கள் அவளுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மடையர்கள்.

அந்த வருஷம் மண்டலப் போட்டியில் பையன்கள் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினார்கள். செங்கமலம் இறுதி ஆட்டம் வரை போனாள். திருச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், வந்துவிடு என்று போட்டி நடத்தியவர்கள் அவளிடம் நேரிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த அணியில் சேர்ந்துவிட வேண்டும். சுரங்கமும் சாக்கு மூட்டையும் இல்லாத ஓர் இடத்துக்கு அந்த பேட்டைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம் என்று அவள் நம்பினாள்.

தோற்ற பையன்களுக்கு வெறி ஏறியது. பெண்கள் குனிந்து சாணி மெழுகும்போது பின்னாலிருந்து முதுகில் அடிக்க ஆரம்பித்தார்கள். யாருடைய பந்து யார் முதுகில் படும் என்று போட்டி வேறு. செங்கமலம் பல்லைக் கடித்துக்கொண்டு மெழுகினாள். வீட்டில் அம்மா கண்ணில் படாமல் விடியுமுன்னே குளித்தாள். திருச்சிக்குப் போகும்வரை பொறுத்துக்கொண்டால் போதும் என்பது அவள் எண்ணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை, கிருஷ்ணமூர்த்தி அடித்த பந்து லீலா மேரியின் காதில் விழுந்தது. அவள் சாணிக்குள் முகம் குப்புறச் சாய்ந்தாள். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. பையன்கள் கைதட்டினார்கள்.

தன் முதுகுக்கு வராத கோபம் செங்கமலத்துக்கு அப்போது வந்தது. சாணிக் கையோடு பேட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டைக் குறுக்கே கடந்து போய், கிருஷ்ணமூர்த்தியின் வாயிலேயே கட்டையால் போட்டாள். இரண்டு பல் தெறித்தது. மற்ற பையன்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு பேட்டாலேயே அடித்தார்கள். தடுக்க வந்த லீலா மேரியின் கை முறிந்தது. பியூன் ஓடிவந்து விலக்குவதற்குள் மெழுகிய தரையெல்லாம் ரத்தமும் சாணியுமாகிவிட்டது. பிலவேந்திரன் சார் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் முதல்வர் அறையில் விசாரணை. கல்லூரியை விட்டு நீக்கியிருப்பார்கள். ஆனால் அவளை நீக்கினால் பெண்கள் அணி இல்லை, பெண்கள் அணி இல்லாவிட்டால் ஆண்கள் அணியும் இல்லை. அதனால் முதல்வர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"தம்பி கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுடும்மா. ஞாயித்துக்கிழமை நீ திருச்சிக்குப் போகலாம். இதோட எல்லாத்தையும் மறந்துடுவோம்."

நாற்காலியில் இளையபெருமாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாயில் கட்டோடு கிருஷ்ணமூர்த்தி. பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள், அவனால் பேச முடியவில்லை. காலை மட்டும் முன்னால் நீட்டி வைத்திருந்தான். சுரங்கத்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஆண்டாயி கல்தூசி படிந்த தலையோடு கதவோரம் நின்றாள்.

"ஆண்டாயி, உம் பொண்ணுக்குப் புத்தி சொல்லு. நாளைக்கு நீயும் வேலைக்கு வரணும்ல?" என்றார் இளையபெருமாள்.

"சரிங்க மொதலாளி." ஆண்டாயி மகளின் அருகில் வந்தாள். முதலில் மகள் கன்னத்திலேயே ஒன்று வைத்தாள். "ஆம்பளப் புள்ள வாயிலயாடி அடிப்ப? வுழுடி கால்ல!"

செங்கமலம் முரண்டு பிடிக்கவில்லை. விழுந்து எழுந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கிறது என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். குனிந்தாள். இன்னும் குனியட்டும் என்று ஆண்டாயி ரவிக்கையைப் பிடித்து அழுத்தினாள். நைந்த துணி, தோளோடு தையல் விட்டுக் கிழிந்தது.

முதுகு தெரிந்தது. பழைய தழும்பின் மேல் புதுத் தழும்பு, மஞ்சளும் கறுப்புமாக, இடைவெளி இல்லாமல்.

ஆண்டாயியின் கை அப்படியே நின்றது.

"இது என்னாடி?"

"பந்தும்மா. ஆடுறப்ப பட்டுது."

"முன்னாடி நின்னு ஆடுறவளுக்கு முதுவுல எப்புடிடி படும்?"

கிருஷ்ணமூர்த்தி நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டான். அந்த ஒன்று போதும், ஆண்டாயிக்குப் புரிந்துவிட்டது. மகளைத் தலைமுடியைப் பிடித்து மேலே தூக்கி நிறுத்தினாள். திரும்பி, அவன் வாய்க்கட்டின் மேலேயே ஓங்கி ஓர் அறை விட்டாள். பாறை உடைக்கிற கை. அவன் நாற்காலியோடு சாய்ந்தான், கட்டு சிவந்தது. இளையபெருமாள் அவள் கொண்டையைப் பற்றி மேஜை விளிம்பில் மோதினார். நெற்றி பிளந்தது. அப்படியும் ஆண்டாயி அவர் கையைக் கடித்துச் சதையோடு எடுத்தாள். அணி போனாலும் போகட்டும் என்று முதல்வர் கத்த, ஆட்கள் வந்து இருவரையும் இழுத்துக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். செங்கமலத்தின் படிப்பு, ஆண்டாயியின் வேலை, திருச்சி, எல்லாம் அந்த கேட்டோடு போயின.

இருவரும் ரயில்வே கேட்டைத் தாண்டினார்கள். ஆண்டாயி முந்தானையால் நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தாள். வலியோடு வலியாக அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"யாரும்மா உன்ன அடிக்கச் சொன்னது?" என்றாள் செங்கமலம்.

ஆண்டாயி நின்றாள். "உம் முதுவப் பாத்துட்டு எப்புடிடி சும்மா இருப்பேன்?"

"எம் முதுவுதானே? எனக்குத் தெரியாமயா இருந்துச்சு? வுழுந்து எந்திரிச்சிருப்பேன். ஞாயித்துக்கிழம ஆடியிருப்பேன்ல!"

"வுழுந்திருந்தா நாளைக்கும் அடிச்சிருப்பானுவடி."

"அடிக்கட்டுமே! அடிச்சாலும் நான் ஆடியிருப்பேம்மா!"

சொல்லிக்கொண்டே செங்கமலம் கையை ஓங்கினாள். ஆண்டாயி விலகவில்லை. அறை கன்னத்தில் விழுந்தது. பாதையில் அப்போது ஒருவரும் இல்லாததால் ஊருக்கு இது தெரியாது.

ஆண்டாயி கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கிழிந்த ரவிக்கைக்கு மேல் மகளின் தாவணியை இழுத்து முதுகை மூடிவிட்டு, முன்னால் நடந்தாள்.