கம்பத்தில் தட்டும் சத்தம்

நல்லூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்து விடுபவர் பொங்கியண்ணன். பவானி ஆற்றிலிருந்து எத்தனையோ ஊர் தாண்டிக் குழாயில் வரும் தண்ணீர், கடைசியில் அவர் தோளில் சுமந்து வரும் நீண்ட இரும்புச் சாவிக்குத்தான் கட்டுப்படும். வாரம் ஒரு முறை எங்கள் முறை. எந்த நேரத்தில் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

தெருவில் பாதி வீடுகளில் பனியன் தைக்கும் மெஷின் ஓடுகிறது, என் வீட்டையும் சேர்த்து. அந்த இரைச்சலில் தண்ணீர் வந்தது யாருக்கும் கேட்காது. எதிர்வீட்டு செல்லத்தாய்தான் ஒரு நாள் அவரை மறித்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணே, தொறக்கும்போது அந்தச் சாவியால இந்தக் கரண்டுக் கம்பத்துல ரெண்டு போடு போடுங்க. செத்துக் கெடந்தாலும் எந்திருச்சு வந்துருவேன்."

அன்று முதல் அதுவே வழக்கமானது. டங், டங் என்று கேட்டதும் தைப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம். ஓடுவது குடம் எடுக்க அல்ல, மோட்டார் போட. கடைசித் தெரு என்பதால் தண்ணீர் நூல் மாதிரிதான் விழும். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால்தான் தொட்டி நிறையும். தப்பு என்று தெரியாமலா? அதிகாரிகள் தலை தெரிந்தால் மோட்டார் மேல் துணிக்கூடையைக் கவிழ்த்துவிடுவோம்.

போன சித்திரையில் வழியில் எங்கோ பெரிய குழாய் உடைந்து, தெருவே வறண்டு கிடந்தது. சரி செய்த பிறகு வந்த முதல் தண்ணீர் வேறு தெருவின் முறை. பொங்கியண்ணன் மனசு கேட்காமல் எங்களுக்குத் திறந்தார், கம்பத்திலும் தட்டினார். இருந்த அரைக்குடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செல்லத்தாய், ஈரக்கையோடு ஓடிப்போய் மோட்டார் பிளக்கைச் சொருகினாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் தட்டுவதில்லை. சத்தமில்லாமல் வந்து திறந்துவிட்டு, அந்த வீட்டுப் பக்கம் திரும்பாமல் போய்விடுவார். தண்ணீர் வந்து போனதே தெரியாமல் எங்கள் குடங்கள் காய்ந்தன. எனக்கு வந்த கோபத்தில் அவரை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டேன்.

"அம்மிணி, அவங்க போனதுக்கப்புறம் ஒருக்கா தட்டுனேனுங்க. அந்த ஊட்டு மோட்டார் ஓடுச்சுங்க" என்றார்.

அந்த மோட்டாரைச் செல்லத்தாயின் புருஷன் காசிமாயன் அவள் செத்த அன்றைக்கே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். பாவம், பொங்கியண்ணனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியில் காசிமாயனே அவரிடம் போய் நின்றான். "தட்டுங்கண்ணே. தண்ணி எப்ப வரும்னு வேல்விழி வாசல்லயே உக்காந்துருக்கு. பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது. தாயத்தான் பறிகுடுத்தாச்சு, புள்ள படிப்புமா போகணும்?"

வேல்விழி அவனுக்கு ஒரே பிள்ளை, எட்டாவது படிக்கிறாள். சத்தம் மட்டும் கேட்டால் போதும், அவள் குடங்களையும் நானே நிரப்பி வைக்கிறேன் என்று நான் சொன்னேன். பொங்கியண்ணன் தலையாட்டினார்.

அடுத்த முறை காலையிலேயே வந்தது. வால்வைத் திறந்தார், கம்பத்தில் இரண்டு முறை தட்டினார். அடுத்த நொடி சாவியைக் கீழே போட்டுவிட்டுக் காசிமாயன் வீட்டுக்குள் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மோட்டார் இருந்த இடத்தில் வெறும் சிமெண்டுத் தரைதான் இருந்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. குழாயடியில் வேல்விழி குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் சீருடை போட்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. தண்ணிய அக்கா புடிச்சுக்குவாங்க, நீ பள்ளிக்கூடம் போ" என்றார் அவர், மூச்சு வாங்க.

அவள் குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கும் அந்த மோட்டார் கேக்குதுங்க பெரியப்பா. நீங்க தட்டாட்டியும் கேக்குங்க" என்றாள். "அதுக்குத்தான் ஊட்டுலயே இருக்கறேன். அப்பாகிட்டச் சொல்லிராதீங்க."