அடுப்பு எரியாததற்கு என் லேப்டாப்தான் காரணமாம்

நேற்று பழவேற்காடு பாய் ஒருவர், கட்டிலும் அடுப்பும் வைத்த தன் குடும்ப வேனை கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்துப் படுத்தால் வண்டி பீப் பீப் என்று கத்துகிறதாம். வண்டியின் கம்ப்யூட்டரில் என் லேப்டாப்பைச் சொருகி அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடுத்தேன்.

இன்று காலை எளாவூர் செக்போஸ்டிலிருந்து போன் செய்தார்.

"இன்னா தம்பி, பேஜாரா கீது. அடுப்பு எரியல. நீ கம்ப்யூட்டர சொருவுனதுக்கு அப்பாலதான் இப்டி. வைரஸ் பூந்துகீது."

லாரிகளுக்கு நடுவே பைக்கில் போய்ச் சேர்ந்து, சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். காலி.

"கேஸ் இல்ல பாய்."

"அது இருக்கட்டும். மொதல்ல இருந்தா மாதிரியே மாத்திக் குடு."

வாதாடித் தோற்று, பீப்பை மறுபடி போட்டேன். அதற்குள் அவர் மனைவி எதிர்க்கடையில் சிலிண்டரை மாற்றி வந்து, அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டார்.

பாய் அடுப்பைப் பார்த்தார். என் லேப்டாப்பைப் பார்த்தார்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல."

திறந்த கதவோடு வேன் கத்திக்கொண்டிருக்க, டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் கீழே எழுதுங்கள். லேப்டாப்போடு வருகிறேன்.