ரமீஸ் நானாவுக்குத் திறமை போதாதாம்!

நல்ல வேலைக்காரர் ஒருவரை, வேலை தெரியாதவர் என்று பொய் சொல்லித் துரத்தினேன். அவர் அதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். இதுதான் என் குற்றம். நீங்கள் தாராளமாகத் திட்டலாம். கதையைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்!

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் கம்பனியின் சரக்குக் களஞ்சியம். நான் அதன் மனேஜர். வாய் ஓயாத மனேஜர்! கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வருகிற, எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையான ரமீஸ் நானா, மூட்டைகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் சாரதி. ஒருநாள் பந்தயம் கட்டி, அவர் வண்டியில் தூக்கிய மூட்டைகளின் மேல் என் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேன். களஞ்சியத்தைச் சுற்றி வந்து இறக்கினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை! அன்றைய மதியச் சாப்பாடு என் தலையில் விழுந்தது.

அப்படிப்பட்டவரைத்தான்...

ஆட்களைக் குறைக்கும்படி கொழும்புத் தலைமையகம் சொன்னது. ஆனால் ‘குறைக்கிறோம்’ என்று வாய் தவறியும் சொல்லக்கூடாதாம். சொன்னால் நட்டஈடு கொடுக்கவேண்டி வரும். ‘திறமை போதாது’ என்றே அனுப்பவேண்டுமாம். சம்பளம் கூடியவர் ரமீஸ் நானா. அவரிடம் எங்கே பிழை பிடிப்பது? நான் கெட்டிக்காரி அல்லவா, வழி கண்டுபிடித்தேன்! வண்டியிலிருந்து இறக்கி, கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினேன். சரக்கு விவரங்களை ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன்.

அவர் ஒற்றை விரலால், கோழி கொத்துவதுபோல் அடித்தார். அலுவலகமே சிரித்தது. அவரும் சிரித்தார். எல்லாரையும் விட நான்தான் பலமாகச் சிரித்தேன். சிரித்தபடியே பக்கத்தில் நின்று சொல்லியும் கொடுத்தேன். ஏன் என்கிறீர்களா? ‘முயன்று பார்த்தோம்’ என்று பிறகு காட்டவேண்டுமே!

‘திறமை போதாது’ என்று கடிதம் கொடுத்து அனுப்பிய அன்று கேக் வெட்டினோம். என் கண் கலங்கியதைப் பார்த்து அவர்தான் என்னைத் தேற்றினார்.

“மிஸ் எனக்காக எவ்வளவு பாடுபட்டீங்க. என்ட மண்டைக்குத்தான் ஏறல்ல.”

அன்றே சொல்லியிருக்கலாம்... என் வேலையும் போய்விடும் என்ற பயம். பயம் மட்டுமா? நல்லவள் என்ற பெயர் இனித்தது. ஐயோ, அதையும் உங்களிடம் ஒளிக்கமாட்டேன்!

இப்போது அவர் மச்சானின் தயிர்க் கடையில் நிற்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் நன்றி மறவாமல் எருமைத் தயிர்ச் சட்டியோடு என் வீட்டுக்கு வருவார். இந்த முறையும் வந்தார். துறைமுகத்தில் புதிதாக ஒரு களஞ்சியம் திறக்கிறார்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று ஆவலோடு சொன்னேன். உண்மையைச் சொல்லாமலே பாவத்தைக் கழுவிவிடலாம் என்று ஒரு கணக்கு!

“எனக்கு ஏலா மிஸ்,” என்றார். “மகள்ட படிப்புக்குக் கடை வருமானம் காணாதுதான். ஆனா எனக்குத் திறம போதாதுண்டு மிஸ்ஸே சொல்லிட்டீங்களே. மிஸ் பொய் சொல்ற ஆளா?”

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்! உண்மை நாக்கு நுனியில்தான் நின்றது...

“அடுத்த முறை தயிர்ல ஊத்திச் சாப்பிடக் கித்துள் பாணியும் கொண்டு வாங்க நானா,” என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த தீபாவளிக்குப் பாணியோடு வருவார். நான் வாங்கிக்கொள்வேன்.